68-வது கிலோமீட்டரில் நின்றவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

100 கிலோமீட்டர் ஓட்டத்தை முடிக்காமல் திரும்பிய ஒருவரைப் பற்றிய பதிவு இது. நான் அவருடைய பயிற்சியாளர். எழுதலாம் என்று அவர் சம்மதித்தார். எழுதியதைப் படித்து இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். பெயர், ஊர், போட்டி எதுவும் இதில் இல்லை. அவருடைய கைக்கடிகாரத்தில் பதிவான ஓட்டக் கணக்கு, எய்ட் ஸ்டேஷனில் (ஓடும் வழியில் உணவும் உதவியும் கிடைக்கும் இடம்) தன்னார்வலர்கள் எழுதிவைத்த தாள், பேசி முடித்ததும் நான் குறித்துவைத்தவை ஆகிய மூன்றையும் வைத்து எழுதுகிறேன். உடம்பு ஏன் நின்றது என்பது இதில் சிறு பகுதிதான். அவர் நின்ற பிறகு நான் செய்த பிழைகள்தான் அதிகம்.

பின்னணி

அவருக்கு வயது 43. எட்டு ஆண்டுகளாக ஓடுகிறார். 42.195 கி.மீ. முழு மராத்தான் ஆறு முடித்தவர், 50 கி.மீ. ஒருமுறை. தொடங்கிய எந்த ஓட்டத்தையும் பாதியில் விட்டதில்லை. "அக்கா ஸ்டார்ட் லைன்ல நின்னாச்சுன்னா முடிச்ச மாதிரிதான்" என்று குழுவில் இளையவர்கள் சொல்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார், மறுக்கமாட்டார். விளையாட்டாகச் சொல்லப்பட்ட அந்த வாக்கியம் அவருக்குள் எவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

போட்டித் தடம் 25 கி.மீ. சுற்று, அதை நான்கு முறை ஓட வேண்டும். மொத்தக் கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய கெடு, 16 மணி நேரம். இடையில் 75 கி.மீ.யை 12 மணி நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். 16 மணி என்றால் கி.மீ.க்குச் சராசரி 9 நிமிடம் 36 நொடி. சாப்பிடுவது, கழிப்பறை, காலுறை மாற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். 24 வாரப் பயிற்சியில் அதிகபட்சமாக 56 கி.மீ. ஓடியிருந்தார். முதல் சுற்றை 3 மணி 30 நிமிடத்தில் முடிப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். கால்களைப் பொறுத்தவரை தயாரிப்பில் பெரிய ஓட்டை இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை.

ஓட்டை வேறு இரண்டு இடத்தில் இருந்தது.

முதலாவது வயிறு. பயிற்சி முழுவதும் மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து எடுத்து ஓடினார். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, முன்னணி ஓட்டக்காரர்கள் மணிக்கு 90 கிராம் வரை எடுப்பதாகப் படித்துவிட்டு, புதிதாக ஒரு பானப் பொடி வாங்கினார். படித்தது பொய்யில்லை. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில்தான் உறிஞ்சும்; ஃபிரக்டோஸையும் சேர்த்துக் கொடுத்தால் அது வேறு வழியாக உள்ளே போவதால் 90 வரை தாங்கும். ஆனால் அதற்குக் குடலையும் வாரக்கணக்கில் பழக்க வேண்டும். காலைப் பழக்குவதுபோலத்தான். பொடி வாங்கியதை என்னிடம் சொன்னார். "பார்த்து எடுத்துக்கோங்க" என்றேன். அது பயிற்சியாளர் சொல்லும் பதில் இல்லை.

இரண்டாவது, நிற்பதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. எந்த நிலைமையில் நிற்கலாம், எந்த நிலைமையில் நின்றே ஆக வேண்டும், நின்றால் யாரைக் கூப்பிடுவது, எதில் திரும்புவது என்று எதுவும் பேசவில்லை. மறந்துபோனோம் என்று சொன்னால் பொய். கிளம்புகிற நேரத்தில் அதை வாயால் சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம் எனக்கு. பதினைந்து ஆண்டு இந்த வேலையில் இருந்தும் அந்தப் பயம் போகவில்லை.

போட்டி நாள்

காலை 5 மணிக்குத் தொடக்கம். முதல் சுற்றை 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார். பேசிவைத்ததைவிட 32 நிமிடம் வேகம். தொடக்கக் கோட்டருகே நான் நின்றிருந்தேன். "ரொம்ப லேசா இருக்கு கோச்" என்று சொல்லிக்கொண்டே தாண்டினார். முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே லேசாகத்தான் இருந்தது. நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அந்த இடத்தில் அவரை நிறுத்தி ஒரு நிமிடம் பேசியிருக்க வேண்டும்.

50 கி.மீ.யில் கடிகாரம் 6:23, அதாவது தொடங்கி 6 மணி 23 நிமிடம். இரண்டாவது சுற்று முதல் சுற்றைவிட 27 நிமிடம் கூடுதல். 55-வது கி.மீ. வரை சாப்பிட்டது தங்கியது. 58-இல் முதல் வாந்தி, 64-இல் இரண்டாவது. அதன் பிறகு தண்ணீரைக்கூட வாய் கொப்பளித்துத் துப்பினார். 60-ஐத் தாண்டும்போது இடது கணைக்காலில், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பில், ஒரு புள்ளியில் வலி. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார். வயிறுதான் எல்லாவற்றையும் மறைத்திருந்தது.

68-வது கி.மீ. எய்ட் ஸ்டேஷனுக்கு வந்தபோது 9 மணி 40 நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்த மருத்துவர் பார்த்தார். பெயர், இடம், நேரம் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் வந்தது. உடல் வெப்பம் கவலைப்படும்படி இல்லை. விரல்களில் வீக்கம் இல்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டால் வருகிற தலைவலியோ குழப்பமோ இல்லை. "உங்களை நிறுத்துற அளவுக்கு எனக்கு எதுவும் தெரியல. போங்கன்னும் சொல்லமாட்டேன்" என்றாராம். மருத்துவராக நேர்மையான பதில். ஆனால் முடிவின் முழுப் பாரமும் நாற்காலியில் இருந்தவர் மேல் இறங்கியது.

அவர் எனக்குப் போன் செய்தார். "கோச், நான் என்ன பண்ணட்டும்?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் செய்யுங்க. எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்றேன்.

அவருடைய உரிமையை மதிப்பதாக நினைத்துச் சொன்னேன். உண்மையில் கையைக் கழுவிக்கொண்டேன். கேட்க வேண்டியவை இருந்தன: கடைசியாக வயிற்றில் தங்கியது எது, எப்போது? கடைசி மூன்று கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்? எழுந்து பத்தடி நடந்தால் எப்படி இருக்கிறது? ஒன்றையும் கேட்கவில்லை. மேலும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, 10 மணி 5 நிமிடத்தில் அவரே பிப்பை, அதாவது சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையை, கழற்றித் தன்னார்வலரிடம் கொடுத்தார். தாளில் 'சுய முடிவு' என்று எழுதியிருக்கிறது.

அன்று இரவு

போட்டி வண்டி அவரை எங்கே கொண்டுவந்து இறக்கியது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முடிவுக் கோட்டுக்கு நேர் பின்னால். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிப் பதக்கம் மாட்டிக்கொண்டிருந்த இடம். அவருடைய பை அங்கேதான் இருந்தது. நாற்பது நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தார். எங்கள் குழுவில் இருவர் அன்று முடித்தார்கள். படம் எடுக்கும்போது "அக்கா நீங்களும் வாங்க" என்று இழுத்தார்கள். போனார், சிரித்தார். அந்தப் படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன், அவர் பார்க்கமாட்டார்.

திரும்பும் வழியில் எல்லாரும் ஆறுதல் சொன்னோம். "68 கிலோமீட்டர் சின்ன விஷயமா?" "உடம்புதான் முக்கியம்." "பதக்கம் எப்ப வேணாலும் வாங்கலாம்." நானும்தான். எல்லாம் உண்மை, எதுவும் உதவவில்லை. பின்னாளில் அவர் சொன்னது: "எல்லாரும் நல்லவிதமா பேசினீங்க. ஆனா நான் என்ன நெனைக்கிறேன்னு யாரும் கேக்கல. நான் சொல்ல வாயெடுத்தா அதுக்கு முன்னாடியே சமாதானம் வந்து நின்னுச்சு."

குழுவில் ஒருவர் இரவே நீண்ட செய்தி ஒன்றை அனுப்பியிருந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மராத்தானில் பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் சுமார் 36 கி.மீ.யில் நின்று சாலையோரம் அழுததும், அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மராத்தானில் வென்றதும் அதில் இருந்தன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 30 கி.மீ.யைத் தாண்டிய பின் நின்றதும் இருந்தது. நல்ல எண்ணத்தில் அனுப்பியதுதான். ஆனால் ஏதென்ஸுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே பதினோரு வாரம் என்ற கணக்கு மட்டும் அவர் மனதில் பதிந்துவிட்டது.

முதல் வாரம்

இரண்டாம் நாள் போன் செய்தார். "கட்-ஆஃபுக்கு 355 நிமிஷம் இருந்துச்சு கோச். பாக்கி 32 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பதினோரு நிமிஷம். நான் நடந்தே முடிச்சிருக்கலாம்."

"அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்க" என்றேன்.

இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு எது என்று கேட்டால் இந்த வாக்கியத்தைத்தான் சொல்வேன். அவர் கேட்டது புலம்பல் இல்லை, கேள்வி. அதற்கு எண்களால் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலைத் தேடாமல் நான் கதவைச் சாத்தினேன். அடுத்த இரண்டு வாரம் அந்த 355-ஐயும் 32-ஐயும் அவர் தனியாக வகுத்துக்கொண்டே இருந்தார்.

வெளியில் தெரிந்தவை: குழுவுக்கு வரவில்லை. கடிகாரத்தில் இருந்த ஓட்டத்தைச் செயலியில் ஏற்றவில்லை. முடிவுப் பட்டியலைத் திறந்து தன் பெயருக்கு எதிரே 'டி.என்.எஃப்.' (ஓட்டத்தை முடிக்கவில்லை) என்று இருப்பதை ஒரு நாளில் பல தடவை பார்த்ததாகப் பின்னர் சொன்னார். போட்டிக்கு முன்பே பையில் போட்டுக் கொடுத்துவிட்ட ஃபினிஷர் சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரியின் அடியில் திணித்தார். (முடிப்பதற்கு முன்பே முடித்தவர் சட்டையைக் கொடுக்கும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ!) இரவு மூன்று மணிக்கு விழிப்பு. காலை ஓய்வு நாடித்துடிப்பு வழக்கமாக 54. பத்து நாள் 63-ஐ ஒட்டியே இருந்தது. அலுவலகத்தில் "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் மதியம் இருக்கையிலேயே சாப்பிட்டார். வீட்டில் "அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு குரல்.

நான்காம் நாள், ஐந்து வாரம் கழித்து நடக்கவிருந்த வேறொரு 100 கி.மீ. போட்டிக்குப் பணம் கட்டிவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார். கேட்கவில்லை, தெரிவித்தார்.

தடுப்பதா, விடுவதா

'கூடாது' என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் ஓடுவதை நிறுத்தமாட்டார், என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார் என்று கணித்தேன். ஆறாம் நாள் நேரில் போய்ப் பார்த்தேன். "தொடக்கக் கோட்டுல நிக்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துக்கலாம்: ராத்திரி தூக்கம், காலை நாடி, கால் வலி. மூணும் சரின்னா நானே கூட வர்றேன்" என்றேன். ஒப்புக்கொண்டார். இடது காலில் மட்டும் நின்று குதிக்கச் சொன்னேன். முதல் குதியிலேயே முகம் சுளித்தது. எலும்பை விரலால் அழுத்தியபோது வலி ஒரே புள்ளியில் இருந்தது. பரவலான வலி என்றால் தசை, சவ்வு என்று நினைக்கலாம். ஒரு புள்ளி என்றால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸ்-ரேயில் எதுவும் தெரியவில்லை. தொடக்க நிலையில் பெரும்பாலும் தெரியாது. மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: எலும்பில் அழுத்தக் காயம், முறிவுக்கு முந்தைய நிலை. எட்டு வாரம் ஓடக் கூடாது. பதிவு செய்த போட்டி அத்தோடு போயிற்று.

ஒரு காரணம் கிடைத்தது

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தெளிந்துவிட்டார். குரலில் உயிர் வந்தது. குழுவில் செய்தி போட்டார்: எலும்புக் காயத்தால் நிறுத்த வேண்டியதாயிற்று, நல்லவேளை நிறுத்தினேன் என்று. பாராட்டுகள் குவிந்தன. இரவு தூங்கினார்.

எனக்கு உறுத்தியது. 68-இல் அவரை நிறுத்தியது எலும்பு இல்லை. கணைக்கால் வலியைப் பற்றி எய்ட் ஸ்டேஷன் தாளில் ஒரு வரி இல்லை. என்னிடம் போனிலும் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. படம் பின்னால் வந்து முன்னால் நடந்ததற்குக் காரணமாக நின்றுகொண்டது. எலும்பு கூடியதும் அந்தக் காரணமும் மறைந்துவிடும். வயிறும் முதல் சுற்றின் வேகமும் அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம், ஒன்பது நாள் தூங்காதவர் தூங்க ஆரம்பித்திருக்கிறார். அதைக் கலைக்க நான் யார்?

ஒரு வாரம் பேசாமல் இருக்கத் தீர்மானித்தேன். தூக்கமும் பசியும் முதலில் நிலைக்கட்டும் என்பதுதான் காரணம். இரண்டு வாரம் முடிந்தும் தூக்கம் திரும்பியிருக்காவிட்டால் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வதென்று முன்பே முடிவு செய்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை. கேட்க வேண்டியதைப் பொறுத்திருந்து கேட்டது மட்டும்தான் இந்த நிகழ்வில் நான் சரியாகச் செய்தது என்று இப்போது தோன்றுகிறது.

பதினாறாம் நாள்: கணக்கு

"அன்னைக்கு 355 நிமிஷம்னு கேட்டீங்களே, அதுக்கு நான் பதில் சொல்லல. இன்னைக்குப் பார்க்கலாமா?" என்று ஆரம்பித்தேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கடிகாரத்தை எடுத்துவந்தார். போட்டிக்குப் பிறகு அதை முதல்முறையாக அன்றுதான் கணினியோடு இணைத்தார்.

ஒரு தாளில் கட்டம் போட்டோம். தூரம், நேரம், சாப்பிட்டது, அது தங்கியதா, அப்போது என்ன நினைத்தார், என்ன முடிவெடுத்தார். நான் எழுதவில்லை, அவர் எழுதினார். கடைசி ஆறு கிலோமீட்டருக்கு வந்தபோது எண்களை வாய்விட்டுப் படித்தார்: 13:10, 13:50, 14:20, 14:40, 15:20, 15:40. கூட்டினால் 87 நிமிடம். சராசரி பதினாலரை.

"32-ஐப் பதினாலரையால பெருக்குங்க."

464 நிமிடம். 7 மணி 44 நிமிடம். அதை 10:05-ஓடு கூட்டினால் 17 மணி 49 நிமிடம். கட்-ஆஃபுக்கு மேல் 1 மணி 49 நிமிடம். அதுவும் வேகம் இதற்கு மேல் குறையாது என்று வைத்துக்கொண்டால்தான். எண்களோ ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கூடிக்கொண்டே போயிருந்தன. இரண்டரை மணி நேரமாக வயிற்றில் எதுவும் தங்காத உடம்பு அது. தசையிலும் கல்லீரலிலும் உள்ள மாவுச்சத்துக் கையிருப்பு கரைந்துவிட்டால் கொழுப்பை எரித்துத்தான் நகர வேண்டும். அது மெதுவாகத்தான் எரியும். கி.மீ.க்குப் பதினோரு நிமிடம் என்ற கணக்கு சோபாவில் உட்கார்ந்திருந்த கால்களின் கணக்கு.

இதைச் சொல்லி நிறுத்தியிருந்தால் அதுவும் ஒருவகைச் சமாதானமாகியிருக்கும். அதனால் மறுபக்கத்தையும் சொன்னேன். நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வயிறு அடங்கி, எழுந்துபோய் முடித்தவர்கள் உண்டு. அன்று அப்படி நடந்திருக்காது என்று இந்தத் தாளால் சத்தியம் செய்ய முடியாது. நடந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு என்று மட்டும் சொல்லலாம். மிச்சம் இருக்கும் அந்தக் கொஞ்சத்தை அவர் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் அழவில்லை. தாளின் மேல் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப 68-ல ஒண்ணும் போகல. 25-லயே போயிருக்கு" என்றார். பிறகு, "அந்தப் பொடி வேற" என்றார். கடைசியாக, "காலைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லையே கோச்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

அன்று அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கானகுரி ஷிசோவின் கதையைச் சொன்னேன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தானில் வெயில் தாங்காமல் பாதியில் நின்றவர். அமைப்பாளர்களிடம் சொல்லாமலே ஜப்பானுக்குத் திரும்பிவிட்டார். 1967-இல் ஸ்வீடன் அழைத்து, அந்த ஓட்டத்தை முடிக்க வைத்தது. பதிவான நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 நொடி. அவர் சிரிக்கவில்லை. கதை நேரம் தவறி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

குழுவின் முன்

ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை குழுவுக்கு வந்தார். ஓடவில்லை, மற்றவர்கள் ஓடி முடிக்கும்வரை காத்திருந்தார். எல்லாரும் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, நான் கேட்காமலே, பேசினார். "எலும்பாலதான் நின்னேன்னு எழுதியிருந்தேன். அது சரியில்ல. எனக்கு வாந்தி, பயம், அப்புறம் அந்த நாற்காலி ரொம்ப சுகமா இருந்துச்சு. எலும்பு அப்புறமாத்தான் தெரிஞ்சது." நாற்காலி என்றதும் சிலர் சிரித்தார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் புதுசு. அன்று முடித்த இருவரில் ஒருவர், தான் மூன்று ஆண்டுக்கு முன் வேறொரு குழுவில் இருந்தபோது 42 கி.மீ. ஓட்டத்தில் நின்றதைச் சொன்னார். எங்களில் யாருக்கும் அது தெரியாது. இன்னொருவர் தொடக்கக் கோட்டுக்கே போகாமல் வீட்டில் படுத்திருந்ததைச் சொன்னார். ஒரு மணி நேரம் போயிற்று. இத்தனை ஆண்டு நான் நடத்திய குழுவில் முடித்த கதைகளை மட்டுமே சொல்ல இடம் இருந்திருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

மாற்றிக்கொண்டவை

சில நடைமுறைகளை மாற்றினேன். போட்டிக்குப் பத்து நாள் முன்பு நிற்பதைப் பற்றிப் பேசிவிடுகிறோம். மயக்கம், குழப்பமான பேச்சு, மார்பு வலி, நடையையே மாற்றும் எலும்பு வலி, தேநீர் நிறத்தில் சிறுநீர் என்றால் கேள்வியே இல்லை, நின்றுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவற்றுக்கு, நாற்காலியில் இருந்து போன் வந்தால் 'உங்க இஷ்டம்' என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். முடிவு அப்போதும் ஓடுபவருடையதுதான். ஆனால் அதை அவர் தனியாக எடுக்க வேண்டியதில்லை.

நின்றவரை முடிவுக் கோட்டுப் பக்கம் விடாமல் நேரே அழைத்துப்போக ஓர் ஆள் முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும். வண்டியில் ஆறுதல் பேச்சு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், கேட்டால் பேசலாம். இரண்டு வாரத்துக்குள் அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதில்லை என்று குழுவே ஒப்புக்கொண்டது. அதை எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை. கட்டிவிட்டு வந்து சொல்கிறார்கள், அதுவே பரவாயில்லை.

வேகத்தைப் பற்றி ஒன்று மட்டும். முதல் சுற்றில் பேசிவைத்ததைவிடப் பத்து நிமிடத்துக்கு மேல் முந்தினால் நான் இப்போது கட்டை விரலைக் காட்டுவதில்லை, வழியை மறிக்கிறேன்.

பிறகு

எட்டு வாரம் ஓடாமல் இருந்தார். பிறகு நடை, நடையோடு ஓட்டம், மூன்றாம் மாத இறுதியில் வலியில்லாமல் 5 கி.மீ. வயிற்றுக்கும் தனிப் பயிற்சி போட்டோம்: நீண்ட ஓட்டங்களில் மணிக்கு 40 கிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து கிராமாகக் கூட்டினோம். 60-க்கு மேல் போனால் குமட்டியது. 60-லேயே நிறுத்திக்கொண்டோம்.

ஏழாம் மாதம் வேறொரு போட்டியில் எய்ட் ஸ்டேஷன் தன்னார்வலராகப் போனார். ஓர் இளைஞர் நாற்காலியில் உட்கார்ந்து பிப்பைக் கழற்ற ஆரம்பித்திருக்கிறார். "தம்பி, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு மணி நேரம் முன்பு. வாந்தி இல்லை, மறந்துவிட்டார், அவ்வளவுதான். சாப்பிடக் கொடுத்து, கால் மணி உட்காரவைத்து, எழுந்து நடந்து பார்க்கச் சொன்னார். இளைஞர் போய்விட்டார். முடித்தாரா என்று பட்டியலில் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாக்கல கோச். அது அவரோட ஓட்டம்" என்றார்.

பதினொன்றாம் மாதம் அதே 100 கி.மீ. போட்டி. முதல் சுற்று 3 மணி 34 நிமிடம். வாந்தி இல்லை, எலும்பு வலி இல்லை. ஆனால் இரண்டாவது சுற்றின் நடுவே தொடங்கிய வெயிலில் வேகம் குறைந்துகொண்டே வந்தது. 68-ஐ நிற்காமல் கடந்தார். நாற்காலியைப் பார்க்காமல் போனதாகச் சொன்னார். 75 கி.மீ.யைத் தொட்டபோது 12 மணி 6 நிமிடம். கட்-ஆஃப் ஆறு நிமிடத்துக்கு முன் முடிந்திருந்தது. அதிகாரி பிப்பில் கோடு போட்டார்.

அழைத்துவரப் போன ஆள் வண்டியில் எதுவும் பேசவில்லை. பாதி வழியில் அவரே பசிக்கிறது என்றாராம். அன்று இரவு ஏழு மணி நேரம் தூங்கினார். மறுநாள் காலை, நான் கேட்காமலே, கட்டம் போட்ட தாள் ஒன்றின் படம் வந்தது. கடைசி வரியில் இப்படி இருந்தது: '75 கி.மீ. 12:06. வயிறு சரி. கால் சரி. வேகம் போதல. வெயில்ல பழகணும்.'

அதற்குக் கீழே, வேறு மையில்: 'கானகுரிக்கு 54 வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் 53 இருக்கு.'